ஸ்கிம்மர் வாங்கும் முன் தீனியை எடை போடுங்கள்

கேள்வி இது: 4×2×2 அடி கடல்நீர் டேங்க், கீழே 90 செ.மீ. நீள சம்ப் (வடிகட்டும் தொட்டி). இரண்டு க்ளவுன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு கோபி என நான்கு மீன்கள் இருக்கின்றன. அடுத்து ஒரு யெல்லோ டாங் மீன் விடும் எண்ணம். சாஃப்ட் கோரலும் கொஞ்சம் எல்.பி.எஸ். (பெரிய பாலிப் உள்ள கல்) கோரலும் வளர்க்க ஆசை. அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் கேட்டால், ஒரு கடையில் "500 லிட்டர் ஸ்கிம்மர் போதும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் "1500 லிட்டர் எடுங்க சார், பெரிசா இருந்தா நல்லதுதானே" என்கிறார்கள். எதை வாங்குவது?

இரண்டும் வேண்டாம். பெட்டியில் 800 முதல் 1000 லிட்டர் என்று போட்டிருப்பது, நுரை ஏறும் கழுத்து 9-10 செ.மீ. விட்டம், மணிக்கு 500-600 லிட்டர் காற்று இழுப்பது, முடிந்தால் வேகத்தை மாற்றக்கூடிய டிசி பம்ப். இந்த அளவில் ஒன்று பாருங்கள். அவசரமென்றால் இத்தோடு கடைக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் ஸ்கிம்மரில் தவறாகப் போட்ட காசு திரும்பி வராது. அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே ஒரு பழுப்பு நுரை திரளும், கரண்டியால் வழித்துப் போடுவோம். ஸ்கிம்மர் செய்வதும் அதே வேலைதான். மீனின் கழிவு, தின்னாமல் கரைந்த தீனி, கோரல் விடும் கோழை எல்லாவற்றிலும் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை வெறுக்கும் மூலக்கூறுகள் உண்டு. காற்றுக் குமிழி கிடைத்தால் வெறுக்கும் முனை காற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறும்போது ஒட்டியதும் கூடவே ஏறி, கழுத்து வழியாக மேலே உள்ள கப்பில் விழும். 2019 டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பின் கழிவுநீர் கலந்து மெரினா கரையில் வெள்ளை வெள்ளையாக நுரை ஒதுங்கி, பிள்ளைகள் அதில் விளையாடினார்களே, அதற்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான். அலை அடித்த காற்று அங்கே, ஸ்கிம்மர் பம்பின் ஊசிச் சக்கரம் அடித்த காற்று இங்கே.

பருப்பு பொங்கி வழியாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் நினைவிருக்கட்டும். பின்னால் தேவைப்படும்.

உப்பு இல்லாமல் இந்த வேலை நடக்காது. கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாக நிற்கும். நல்ல தண்ணீரில் உடனே சேர்ந்து பெரிதாகி, விறுவிறுவென்று ஏறி உடைந்துவிடும். புது மீனுக்கு ஒட்டுண்ணி போக உப்பைக் குறைத்து ஒப்படர்த்தி 1.009-ல் வைக்கும் மருத்துவத் தொட்டியில் ஸ்கிம்மர் சும்மா சுற்றுவதற்குக் காரணம் இதுதான். ஸ்கிம்மர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீன் மிகக் குறைவாக உள்ள டேங்குக்கானது. நல்ல கம்பெனிகள் குறைந்த சுமை, நடுச்சுமை, அதிகச் சுமை என்று மூன்று எண் தரும். ஒரே எண் இருந்தால் அது குறைந்த சுமைக்கான எண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்: குறைந்த சுமைக்கு உண்மையான நீரளவைப் போல 1.2 மடங்கு, நடுச்சுமைக்கு 2 மடங்கு, அதிகச் சுமைக்கு 3 மடங்கு பெட்டி எண்ணில் இருக்க வேண்டும்.

அந்த 'உண்மையான நீரளவு' என்ன? 4×2×2 அடி என்றதும் பலரும் 450 லிட்டர் என்று சொல்லிவிடுவார்கள். வெளியளவு 120×60×60 செ.மீ., கண்ணாடி 12 மி.மீ. என்றால் உள்ளே 117.6×57.6. மேலே 5 செ.மீ. விட்டால் நீர் உயரம் 54 செ.மீ. பெருக்கினால் 366 லிட்டர். 5 செ.மீ. மணல் ஒரு 20 லிட்டரையும், 40 கிலோ பாறை ஏறத்தாழ இன்னொரு 18 லிட்டரையும் இடம்பிடிக்கும். மிச்சம் 328. சம்பில் நீர் 22 செ.மீ. நின்றால், உள்ளே இருக்கும் பொருட்கள் போக 80 லிட்டர். ஆக மொத்தம் சுமார் 410. இந்த எண்தான் கணக்குக்கு உதவும்.

அடுத்தது சுமை. இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். மீன்களை எண்ணிச் சுமை சொல்வது சரிவராது. நீளம் மூன்று மடங்கானால் எடை ஏறக்குறைய 27 மடங்காகும். 5 செ.மீ. க்ளவுனும் 15 செ.மீ. டாங் மீனும் எண்ணிக்கையில் ஒன்றொன்றுதான், ஆனால் கழிக்கும் அளவில் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு லயன்ஃபிஷ் அல்லது பெரிய ட்ரிகர் உள்ள டேங்கில் 'மூன்றே மீன்தான்' என்று சின்ன ஸ்கிம்மர் போட்டு, ஆறு மாதத்தில் நைட்ரேட் 80 பிபிஎம் ஏறி நிற்பதெல்லாம் இந்தக் கணக்குப் பிழைதான்.

அதனால் மீனை விட்டுவிட்டுத் தீனியை எடை போடுங்கள். டேங்குக்குள் போகும் கழிவு முழுக்கத் தீனியாகத்தான் உள்ளே நுழைகிறது. பெல்லட் டப்பாவை இன்று நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் கழித்து மறுபடி வையுங்கள். வித்தியாசத்தை 7-ஆல் வகுத்தால் தினசரி பெல்லட் கணக்கு வந்துவிடும். உறைந்த தீனிக்கு ஒரு திருத்தம் உண்டு. மைசிஸ் (பொடி இறால் வகை) போன்றவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 4 கிராம் க்யூபில் உலர் எடை 0.6 கிராம் சுமார். ஒரு கிராம் பெல்லட்டில் 0.9 கிராம். அதாவது விரல் நுனியில் அள்ளிப் போடும் ஒரு கிராம் பெல்லட், ஒன்றரை க்யூபுக்குச் சமம். க்யூப் பெரிதாகத் தெரிவதால் கை நடுங்குகிறவர்கள் பெல்லட்டைத் தாராளமாகத் தூவிவிடுவது வாடிக்கை.

100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 0.4 கிராம் வரை என்றால் குறைந்த சுமை. 0.4-லிருந்து 1 கிராம் வரை நடுச்சுமை. அதற்கு மேல் அதிகச் சுமை. இது ஆய்வகச் சட்டமெல்லாம் இல்லை, கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கோல், அவ்வளவுதான்.

உங்கள் டேங்குக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போதுள்ள நான்கு சின்ன மீனுக்கு ஒரு க்யூப், அரை கிராம் பெல்லட் என்றால் உலர் எடை ஒரு கிராம் சொச்சம். 410 லிட்டருக்குப் பிரித்தால் 100 லிட்டருக்கு 0.26. குறைந்த சுமை. இன்றைய நிலைக்கு முதல் கடைக்காரர் சொன்ன 500 லிட்டர் ஸ்கிம்மர் உண்மையிலேயே போதும். ஆனால் யெல்லோ டாங் வந்ததும் அதற்கு நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) தர வேண்டும். ஒரு நோரித் தாள் சுமார் 3 கிராம். தினம் அரைத்தாளும் கூடுதலாக ஒரு கிராம் பெல்லட்டும் என்று வைத்தால் மொத்தம் மூன்றரை கிராம் பக்கம் போய்விடும். 100 லிட்டருக்கு 0.8-க்கு மேல். நடுச்சுமை. 410-ஐ 2-ஆல் பெருக்கினால் 820. 800 முதல் 1000 என்று தொடக்கத்தில் சொன்னது இப்படி வந்ததுதான்.

'பெரிசா இருந்தா நல்லதுதானே' என்ற பேச்சு எங்கே தடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நுரை கழுத்தில் ஏறிக் கப்புக்குள் விழ வேண்டுமென்றால், குமிழிச் சுவர் உடையாமல் நிற்க வேண்டும். அந்தச் சுவரைத் தாங்குவது அதில் ஒட்டிய அழுக்குதான். அழுக்கு குறைவாக, கழுத்து அகலமாக இருந்தால் நுரை பாதி வழியிலேயே உடைந்து திரும்ப இறங்கும். மணிக்கு 600 லிட்டர் காற்று என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 9 செ.மீ. கழுத்தில் அது நிமிடத்துக்கு 157 செ.மீ. வேகத்தில் ஏறும். 12 செ.மீ. கழுத்தில் 88 செ.மீ. தான். வேகம் பாதியாகக் குறையும்போது, நுரை உடையாமல் நிற்க வேண்டிய நேரம் இரட்டிப்பாகிறது. 1500 லிட்டர் ஸ்கிம்மரில் காற்றும் அதிகம்தான், ஆனால் அந்தக் காற்றின் பரப்பை நிரப்ப உங்கள் டேங்கில் சரக்கு இல்லை. விளைவு: இரண்டு நாள் கப் காய்ந்து கிடக்கும், மூன்றாம் நாள் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டதும் ஒரேயடியாகப் பொங்கும், மறுபடி காயும். வேலை செய்கிறதா இல்லையா என்பதே புரியாது. அதைச் சரிக்கட்ட, தண்ணீர் வெளியேறும் வால்வைத் திருகித் திருகி நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். அப்போது கப்பில் விழுவது அழுக்கு அல்ல, வெறும் உப்புத் தண்ணீர்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. புது டேங்கில் பாறையும் மணலும் பழகுவதற்குள் தண்ணீரை ஒட்ட உறிஞ்சிவிட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்தில் போய் உட்காரும். டைனோ என்கிற பழுப்புக் கோழைப் பாசிக்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை. சாஃப்ட் கோரலும் எல்.பி.எஸ்.ஸும் நைட்ரேட் 5-10 பிபிஎம், பாஸ்பேட் 0.03-0.1 பிபிஎம் இருக்கும் தண்ணீரில்தான் பூரிப்பாக இருக்கும்.

எவ்வளவு பெரிய ஸ்கிம்மர் வைத்தாலும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் தன் குழுவோடு 2009-ல் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். தண்ணீரில் கரைந்துள்ள கரிமக் கார்பனில் ஸ்கிம்மர் பிரித்தெடுத்தது சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசமும் இல்லை. மீதிக் கரிமம் குமிழியில் ஒட்டாத ரகம். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பனும் தண்ணீர் மாற்றுவதும்தான் வழி. அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் அயனிகளை ஸ்கிம்மர் நேரடியாகத் தொடுவதில்லை. அவையாக உடைவதற்கு முன்னால் உள்ள சரக்கைத்தான் எடுக்கிறது. ஆகவே விலை இரட்டிப்பான ஸ்கிம்மர் இரட்டிப்பு சுத்தம் தரும் என்று எண்ண வேண்டாம். நைட்ரேட் குறைக்க வினிகர், வோட்கா சொட்டும் முறைக்குப் போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு அளவு பெரியதாக எடுங்கள். பெருகும் பாக்டீரியாவை வெளியே இழுக்கவும், அவை உறிஞ்சும் ஆக்சிஜனை ஈடுகட்டவும் அது தேவைப்படும்.

காற்று அளவைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் அளந்து பார்க்கலாம். 2 லிட்டர் பாட்டிலை, வாய் கீழே இருக்கும்படி, காற்றோடு ஒரு வாளித் தண்ணீரில் கவிழ்த்துப் பிடியுங்கள். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பாட்டிலின் அடிப்பாகம் வரை, அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கம் வரை, கொண்டுபோங்கள். ஸ்கிம்மர் காற்றை இழுக்க இழுக்கப் பாட்டிலுக்குள் தண்ணீர் ஏறும். உள்ளே ஏறும் மட்டமும் வெளி மட்டமும் சமமாக இருக்கும்படி பாட்டிலை மெல்ல அமிழ்த்திக்கொண்டே வாருங்கள். 12 விநாடியில் 2 லிட்டர் காலியானால் மணிக்கு 600 லிட்டர். 20 விநாடி ஆனால் 360. வாளியில் டேங்க் தண்ணீரையே வையுங்கள், தவறிக் குழாயில் ஏறினாலும் பாதகமில்லை. ஸ்கிம்மர் வாங்கிய ஒரு மாதத்தில் இந்த எண்ணைக் குறித்து வைத்தால், பிறகு எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். 600-ஆக இருந்தது 450-க்கு வந்துவிட்டால் காற்று வாயில் உப்பு படிந்திருக்கிறது, அல்லது ஊசிச் சக்கரத்தில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் ஸ்கிம்மரில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பம்ப் 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. அங்கே நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றிய ஏசி பம்ப் இங்கே 50 ஹெர்ட்ஸில் 3000 தான் சுற்றும். காற்று இழுப்பது அதைவிட அதிகமாகவே குறையும். நுரை கழுத்தை எட்டவே எட்டாது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். டிசி பம்ப் என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கவலையில்லை, அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிசி பம்ப் எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அது அல்ல. இப்போது நான்கு மீன், அடுத்த வருடம் டாங் மீன் என்று சுமை மாறப் போகிறது. வேகத்தைக் குறைத்து ஓட்ட முடிந்தால் 900 லிட்டர் ஸ்கிம்மர் இன்றைக்கும் பொருந்தும், நாளைக்கும் பொருந்தும். 15 வாட் பம்ப் மாதம் 10.8 யூனிட் இழுக்கும். பழைய 40-45 வாட் பம்ப் ஓடும் ஸ்கிம்மர் சும்மா கிடைத்தாலும், கோடையில் அந்தச் சூடு முழுக்கத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறது என்பதையும், அதை வெளியேற்ற, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தனியாகக் கரண்ட் தின்னும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சம்பில் பொருந்துமா என்று பார்ப்பதற்கு டேப் எடுத்துக்கொண்டு குனிய வேண்டியதுதான். அடிப்பரப்பு மட்டும் பார்த்தால் போதாது. 50 செ.மீ. உயர ஸ்கிம்மரின் கப்பை மேலே தூக்கி எடுக்க இன்னும் 12-15 செ.மீ. தேவை. சம்ப் தரையிலிருந்து அலமாரியின் மேல்சட்டம் வரை 65 செ.மீ. இல்லையென்றால், கப்பைக் கழுவும் ஒவ்வொரு முறையும் ஸ்கிம்மரையே வெளியே தூக்க வேண்டியிருக்கும். அப்படித் தூக்க வேண்டிய ஸ்கிம்மரை யாரும் கழுவுவதில்லை.

நீர் ஆழம் அதைவிட முக்கியம். சம்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்களில் பெரும்பாலானவை 18-22 செ.மீ. நீரில் நிற்கும்படி செய்யப்பட்டவை. 28 செ.மீ. ஆழத்தில் வைத்தால் வால்வை முழுக்கத் திறந்தாலும் வழிந்துகொண்டே இருக்கும், காற்றும் குறைவாகவே இழுக்கும். ஆழம் அதிகமென்றால் அடியில் அக்ரிலிக் துண்டு அடுக்கி உயர்த்துங்கள். மட்டம் மாறாமலும் இருக்க வேண்டும். 1 செ.மீ. ஏறி இறங்கினாலே நுரையின் உயரம் மாறிவிடும். ஸ்கிம்மரைத் தடுப்புக் கண்ணாடிக்கு முந்தைய அறையில் வைத்தால் ஆவியாகும் இழப்பு அதைத் தொடாது. தண்ணீரை மேல் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் வைத்தால் தொடும்: 30×43 செ.மீ. அறையில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் மட்டம் 3 செ.மீ. இறங்கும். காலையில் பொங்கி மாலையில் காயும் ஸ்கிம்மருக்குப் பெரும்பாலும் இதுதான் நோய்.

நம் பக்கம் மின்வெட்டுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கரண்ட் போனதும் மேல் டேங்கிலிருந்து 2 செ.மீ. தண்ணீர் கீழே இறங்கினால் அது 13.5 லிட்டர். சம்பில் மட்டம் 3.5 செ.மீ. உயரும். கரண்ட் வந்ததும் ரிட்டர்ன் பம்பும் ஸ்கிம்மரும் ஒரே நேரத்தில் எழுந்தால், ஸ்கிம்மர் 25 செ.மீ. தண்ணீரில் விழித்துக்கொண்டு கப்புக்குள் தண்ணீரைக் கொட்டும். ஸ்கிம்மருக்கு மட்டும் 10 நிமிடம் தாமதமாக எழும் டிலே டைமர் ஒன்று போடுங்கள். கப்பிலிருந்து குழாய் இழுத்து 20 லிட்டர் கேனில் விடும் பழக்கமும் வேண்டாம். நீங்கள் ஊரில் இல்லாதபோது ஸ்கிம்மர் பொங்கினால் 20 லிட்டர் உப்புத் தண்ணீர் கேனுக்குள் போகும், தானியங்கி டாப்அப் கருவி அந்த இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்பும், திரும்பி வரும்போது உப்பளவு சரிந்திருக்கும். குழாய் விடாமல் இருந்தால் கப் நிறைந்து சம்புக்குள்ளேயே வழியும். அசிங்கம்தான், ஆனால் ஒன்றும் சாகாது. குழாய் வேண்டுமென்றால் 2 லிட்டர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் பம்பின் ஓட்டமும் ஸ்கிம்மரின் ஓட்டமும் பொருந்த வேண்டுமா என்று கேட்பார்கள். மெனக்கெட வேண்டாம். மணிக்கு 1500-2000 லிட்டர் ரிட்டர்ன் உங்கள் டேங்குக்குப் போதும். மேலிருந்து இறங்கும் குழாய் ஸ்கிம்மர் அறையில் திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. சம்ப் இல்லாதவர்களுக்கு முதுகில் மாட்டும் ஸ்கிம்மர் இருக்கிறது. டேங்குக்குள் பொடிக்குமிழி விடும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 80 லிட்டருக்குக் கீழ் என்றால் ஸ்கிம்மரே வேண்டாம், வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுவது மலிவு. மரக்கல் (பொடிக்குமிழி விடும் மரத்துண்டு) வைத்து ஏர்பம்பில் ஓடும் பழைய ரகம் இன்னும் கிடைக்கிறது. நான்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கல் மாற்ற முடிகிறவர்கள் மட்டும் தொடட்டும்.

வாங்கி வந்தபின் முதல் வாரம் பொறுமை. புது அக்ரிலிக்கில் தயாரிப்பு எண்ணெய்ப் பசை இருக்கும், அது போய் உயிரிப்படலம் படியும்வரை மூன்று நாளிலிருந்து பத்துப் பதினைந்து நாள்வரை நுரை தாறுமாறாகவே வரும். வாளியில் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் கலந்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டேங்கில் வைத்தால் சற்று சீக்கிரம் பழகும். வால்வை முழுக்கத் திறந்து, மட்டம் தாழ்வாக இருக்கும்படி தொடங்குங்கள். பிறகு உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் நீரும் நுரையும் பிரியும்படி மெல்ல உயர்த்துங்கள். ஒரு திருகு திருகினால் 24 மணி நேரம் கை வைக்கக் கூடாது.

கப்பில் விழுவது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் சரி. கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாக, கொஞ்சமாக வந்தால் உலர்ந்த நுரை. கழுத்திலேயே பாதி ஒட்டிக் காய்ந்துவிடும், மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். இளம் டீ நிறத்தில் தினம் ஒரு லிட்டர் வந்தால் அது ஈர நுரை. ஒரு லிட்டரோடு 35 கிராம் உப்பும் போகிறது. வாரத்துக்கு 245 கிராம். ஈடுகட்டாமல் டாப்அப் மட்டும் செய்தால் 35-ல் இருந்த உப்பளவு ஒரே வாரத்தில் 34.4-க்கு வந்துவிடும்.

நன்றாக ஓடிய ஸ்கிம்மர் திடீரென்று படுத்துவிட்டால், அந்தப் பருப்புச் சொட்டு எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய், பூண்டுச் சாறு கலந்த தீனி, உறைந்த க்யூபின் கொழுப்பு நீர், டேங்குக்குள் விட்ட கையின் எண்ணெய்ப் பசை, எதுவானாலும் நுரை சில மணி நேரம் அமுங்கிவிடும், தானாகத் திரும்பும். க்யூபை வடிகட்டியில் அலசிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நேர்மாறாக, வெள்ளைவெள்ளையாகப் பொங்கி நிற்காமல் வழிகிறது என்றால், பாறை ஒட்டும் எபாக்ஸி, குளோரின் நீக்கி, சிவப்புப் பாசி மருந்து, சோப்பு போகாத வாளி, இவற்றில் ஒன்று உள்ளே போயிருக்கும். அப்போது ஸ்கிம்மரை அணைக்க வேண்டாம். கப்பை எடுத்துவிட்டு, வால்வை முழுக்கத் திறந்து சம்புக்குள்ளேயே வழிய விடுங்கள். தண்ணீருக்குக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓரிரு நாளில் அடங்கும்.

ஏசி போட்டு ஜன்னல் மூடிய அறையில் டேங்க் இருக்கிறதா? அறைக் காற்றில் கரியமில வாயு ஏறும், ஸ்கிம்மர் அதையே தண்ணீருக்குள் அடிக்கும், விடியற்காலை பிஹெச் 7.8-க்கும் கீழே போகும். காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினால் பெரும்பாலும் மீளும். குழாய் நீளமாகப் போனால் உள்விட்டம் பெரிதாக எடுங்கள், இல்லாவிட்டால் காற்று இழுப்பு குறைந்து, பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த அளவே வீணாகிவிடும்.

கழுத்தை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடையுங்கள். அதில் படியும் கொழுப்பே நுரையை உடைக்கும். மாதம் ஒருமுறை காற்று வாயில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்ச விடுங்கள், உப்புக் கட்டி கரைந்துவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை பம்பைக் கழற்றி, பாதி வினிகர் பாதித் தண்ணீரில் சில மணி நேரம் ஊற வையுங்கள். ஊசிச் சக்கரத்தின் செராமிக் தண்டு எளிதில் உடையும், பக்கவாட்டில் நெம்பாமல் நேராக இழுங்கள். அக்ரிலிக்கில் ஸ்பிரிட்டோ கொதிநீரோ படவே கூடாது, மயிரிழை விரிசல் விழுந்து ஒருநாள் தையல் விட்டுவிடும். செகண்ட்ஹேண்ட் ஸ்கிம்மர் பார்க்கப் போனால் அந்த விரிசலைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் அந்த மாடலுக்கு ஊசிச் சக்கரம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம்.

புது ஸ்கிம்மர் வைத்து மூன்று வாரம் ஆகியும் கப் பெரும்பாலும் காலியாக இருந்தால், வேகத்தை ஒரு படி குறைத்து மட்டத்தை அரை செ.மீ. ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை, நைட்ரேட்டும் 2-க்குக் கீழே இருக்கிறது என்றால் ஸ்கிம்மரைத் திட்ட வேண்டாம். யெல்லோ டாங்கை வாங்கி வர நேரம் வந்துவிட்டது.